சொன்னால் மட்டும் போதுமா?

கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டதோடு அழைப்பு முடிந்துவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலைக்கும் இந்த நியாயம் பொருந்தும். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு; 7-ஐ எட்டினால் இருதயமே நின்றுவிடக் கூடும். அத்தகைய முடிவு, காகிதத்தோடு காகிதமாக மேஜைமேல் உறங்கலாமா?

உயிருக்கு ஆபத்தைக் காட்டும் முடிவுகளைத் தனியே பிரித்து, டாக்டருக்கு உடனே அறிவிக்கும் முறையை அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் லண்ட்பெர்க் 1972-ல் எழுதி வெளியிட்டார். இன்று பல ஆஸ்பத்திரிகளில், டெலிபோனில் கேட்டவர் நோயாளியின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்ல வேண்டும், நேரமும் குறிக்கப்படுகிறது. இதை வீண் சடங்கென்று எவரும் அலுத்துக்கொள்ளலாகாது. கேட்டவர் திருப்பிச் சொல்லும் வரையில், சொன்னவர் கடமை தீர்ந்ததாகாது என்பதே நம் கருத்து.