முகவரி மாறினால் கடன் தீருமா?

கடன்பட்டவன் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடினால் ஊரார் அவனை எத்தன் என்பார்கள். அதையே ஒரு கம்பெனி பட்டப்பகலில், வழக்கறிஞர் புடைசூழ, நீதிமன்ற முத்திரையோடு செய்தால்? அதற்குப் பெயர் 'சீரமைப்புத் திட்டம்'!

கற்பனையல்ல தோழர்களே, ஆஸ்திரேலியாவிலே நடந்தது. ஜேம்ஸ் ஹார்டி என்பது அந்நாட்டின் பெரிய கல்நார் சிமெண்ட் கம்பெனி. கூரைத் தகடு விற்றது, கோடி குவித்தது. தகடு செய்த தொழிலாளி குவித்தது என்ன? நுரையீரலிலே தூசு! அந்தத் தூசு அன்றே கொல்லாது. முப்பது, நாற்பது ஆண்டு உறங்கும். பிறகு புற்றுநோயாக விழிக்கும்.

2001 பிப்ரவரியில், நட்டஈடு வழங்கவென்று ஓர் அறக்கட்டளையை அமைத்து, 29.3 கோடி டாலரை அதனிடம் விட்டது கம்பெனி. நியாயமான கோரிக்கை அனைத்துக்கும் இது போதும் என்று பறைசாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில், தலைமைக் கம்பெனியின் சட்டக் குடியிருப்பை நெதர்லாந்துக்கு மாற்ற நியூ சௌத் வேல்ஸ் மாநில நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. நோயாளிகள் கதி? பழைய கம்பெனிக்குத் தேவை வந்தால் புதிய கம்பெனியிடம் சுமார் 190 கோடி டாலர் கேட்டுப் பெறலாம். அதற்கென்றே தனிப் பங்குகள் உண்டு என்று காட்டப்பட்டது.

2003 மார்ச்சில் அந்தப் பங்குகளும் ரத்து! வாக்குறுதி காற்றிலே, கம்பெனியோ கடலுக்கு அப்பாலே. ஆஸ்திரேலியத் தீர்ப்பை நெதர்லாந்திலே நிறைவேற்ற இரு நாட்டுக்கும் ஒப்பந்தம்கூட இல்லை.

2004இல் அரசு அமைத்த ஜாக்சன் விசாரணை குட்டை உடைத்தது. தேவை குறைந்தது 150 கோடி டாலர். வைத்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்கு! தொழிற்சங்கங்கள் திரண்டன. ஆக்சிஜன் குழாயை மூக்கிலே தாங்கியபடி பெர்னி பாண்டன் என்ற பழைய தொழிலாளி போராடினார். 2007இல் புதிய நிதி பிறந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் மறைந்தார். போதும் என்ற அறிவிப்பு தவறான வழிகாட்டல், அதற்கு இயக்குநர்கள் ஒப்புதல் தந்தது கடமை தவறல் என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் 2012இல் உறுதி செய்தது.

நீதிபதியைக் குறைகூறுகிறோமா? இல்லை, முறையைக் குறைகூறுகிறோம். பங்குதாரர் வாக்களித்தார், வழக்கறிஞர் வாதாடினார். பத்தாண்டு கழித்து நோயாளியாகப் போகிறவன் அந்த மன்றத்திலே இருந்தானா? தனக்கு நோய் உண்டென்றே அறியாதவன் எப்படி ஆட்சேபிப்பான்?

இது நமக்கும் பாடம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 234ஆம் பிரிவு 2017 முதல் நடைமுறையில் உள்ளது. ரிசர்வ் வங்கி அனுமதியும் தீர்ப்பாய ஒப்புதலும் பெற்று, இந்தியக் கம்பெனி அயல்நாட்டுக் கம்பெனியோடு இணையலாம். இணையட்டும், வாணிபத்துக்கு நாம் பகைவரல்ல. ஆனால் வராதவனுக்காகப் பேச ஒரு வழக்கறிஞரைத் தீர்ப்பாயமே அமர்த்தட்டும். தந்த உறுதியை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் அதே வாசலுக்கு வரட்டும். ஈட்டுப் பணத்தை இங்கேயே வைத்துவிட்டுப் புறப்படட்டும்.

கம்பெனிக்குக் கப்பல் உண்டு, விமானம் உண்டு. தொழிலாளியின் நுரையீரலுக்கு ஏது வேறு நாடு?