எரிபொருள் சிக்கனமா, என்ஜின் பாதுகாப்பா? கார் முகப்பில் நடக்கும் கயிறிழுப்பு

புதுடெல்லி: புதிய கார்களின் முகப்பு ஆண்டுக்கு ஆண்டு மூடிக்கொண்டே வருகிறது. இதை வெறும் அழகியல் மாற்றமாகக் கருத இயலாது. பயணியர் வாகனங்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடுக்கு அரசு விதித்துள்ள வரம்பும் இதற்கு ஒரு காரணம். 2017-18-இல் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 130 கிராம் என்றிருந்த அவ்வரம்பு, 2022-23 முதல் 113 கிராமாகக் குறைக்கப்பட்டது. அடுத்த கட்ட வரம்பு இன்னும் கடுமையாக இருக்கும் என்பதால், ஒவ்வொரு கிராமையும் குறைக்க நிறுவனங்கள் வழி தேடுகின்றன.

வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. முகப்புத் துளைகள் வழியே ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றும் இத்தடையில் ஒரு பங்கு வகிக்கிறது. துளைகளைச் சுருக்கினால் நெடுஞ்சாலையில் எரிபொருள் மிச்சமாகும். ஆனால், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிர்விப்பு அமைப்பின் வழியாகவே வெளியேற வேண்டியுள்ளது. அந்த வழியை அடைத்தால் என்ஜின் கொதிக்கும்.

இந்தியாவில் இச்சிக்கல் கூடுதல் கூர்மை பெறுகிறது. என்ஜினின் குளிர்விப்பு நீர் 100 டிகிரி செல்சியஸில் இருப்பதாகக் கொள்வோம். வெளியே 20 டிகிரி எனில் வெப்பநிலை வேறுபாடு 80. வெளியே 45 டிகிரி எனில் 55 மட்டுமே. அதாவது, அதே ரேடியேட்டர் அதே காற்றோட்டத்தில் வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19-இல் 51 டிகிரி பதிவானதை இங்கு நினைவுகூரலாம். ரேடியேட்டருக்கு முன்னே அமர்ந்திருக்கும் ஏசி கண்டென்சரும் தன் வெப்பத்தைச் சேர்க்கிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதோ, எதிர்காற்றின் உதவியின்றி மின்விசிறி மட்டுமே துணை.

தேவைக்கேற்பத் திறந்து மூடும் தடுப்பிதழ்கள் இதற்கு ஒரு தீர்வு. என்ஜின் குளிர்ந்திருக்கையில் அவை மூடி, விரைவில் சூடேற உதவுகின்றன. சீரான வேகத்தில் மூடியிருந்து காற்றின் தடையைக் குறைக்கின்றன. வெப்பம் மிகுந்தால் திறக்கின்றன. எனினும் மோட்டார், உணரி ஆகியவற்றுக்கான செலவு உண்டு. நம் சாலைகளின் தூசியும் சேறும் அவற்றை இயங்கவிடாமல் செய்யவும் கூடும். ஆகவே பழுதானால் திறந்த நிலையிலேயே நிற்கும் வடிவமைப்பு இன்றியமையாதது.

வாகன உரிமையாளர்களுக்கும் இதில் பங்குண்டு. முகப்பில் பொருத்தப்படும் கூடுதல் விளக்குகளும் கம்பித் தடுப்புகளும் காற்றோட்டத்தைக் குலைக்கின்றன. கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு, பாதுகாப்பைக் காரணம் காட்டி, மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களை அறிவுறுத்தியது. மைலேஜை உயர்த்தும் நோக்கில் கிரில்லைத் தாமே அட்டையால் அடைப்பது அதைவிட ஆபத்தானது. அதில் மிச்சமாகும் சில லிட்டர் எரிபொருளின் மதிப்பு, சிலிண்டர் ஹெட் வளைந்தால் ஆகும் செலவுக்கு ஈடாகாது.

மைலேஜ் எண் மிதமான வெப்பநிலையில், ஆய்வகத்தில் பிறக்கிறது. அதை நம்பி வாங்கப்படும் காரோ மே மாத வெயிலில் ஓடுகிறது. சிக்கனத்துக்கான வரம்பு இறுகும்போது, வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கான சோதனையும் உடன் இறுக வேண்டும். இல்லையேல் எரிபொருளில் மிச்சப்படுத்திய பணத்தை நுகர்வோர் பழுதுபார்ப்பில் இழக்க நேரிடும்.