எலும்பு கூடிய பிறகு

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “எலும்பு கூடிடுச்சு, இனிமே பயமில்லை” என்று மருத்துவர் சொன்னதும் வீடே நிம்மதியாகிவிடுகிறது. கால் ஒடிந்தது குழந்தைக்கு என்றால் அந்த நிம்மதியில் தவறில்லை. பெரியவர்களுக்கோ நடையைத் திரும்பப் பெறும் பாடு அன்றைக்குப் பாதி தூரம்கூட வந்திருக்காது. அந்தப் பாட்டை அவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் படுகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரே ஆண்டில் இரண்டு கால்கள் ஒடிந்தன. தங்கை மகன், ஏழு வயது, கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். அறுபதை நெருங்கும் அத்தை, மகனின் பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போனபோது புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கி விழுந்தார். இரண்டு பேருக்கும் முழங்காலுக்குக் கீழே முன்புறமிருக்கும் பெரிய எலும்புதான் உடைந்தது. அதன் பிறகு இரண்டு பேருடைய கதையும் ஒன்றாக இல்லை.

பையனுக்குத் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. வலி அடங்கியதும் அவன் வீடு முழுக்க உட்கார்ந்தபடியே நகர ஆரம்பித்துவிட்டான். இரண்டு மாதம் ஆவதற்குள் கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. சில வாரம் சாய்த்துச் சாய்த்து நடந்தான். தங்கை கலங்கிப்போய், “இப்படியே நின்னுடுமா?” என்று கேட்டதற்கு, “விளையாட விடுங்கம்மா, அவனே சரியாக்கிக்குவான்” என்றார் மருத்துவர். அப்படித்தான் ஆயிற்று. அவனுக்கு யாரும் நடக்கச் சொல்லித்தரவில்லை.

குழந்தையின் எலும்பைச் சுற்றியிருக்கும் உறை தடிப்பானது. ரத்த ஓட்டம் நிறைந்தது. அதனால்தான் பல சமயம் எலும்பு இரண்டு துண்டாகாமல், வளைத்த பச்சைக் குச்சியைப் போல ஒரு பக்கம் மட்டும் பிளந்து நிற்கும். தொடை எலும்பு ஒடிந்தால் பச்சிளங்குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடுகிறது. ஏழு வயதில் ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். பெரியவர்களுக்கு மூன்று நான்கு மாதமோ அதற்கு மேலோ. சற்று வளைந்து கூடிய எலும்பைக்கூட, குழந்தை வளர வளர உடம்பே நேராக்கிக்கொள்ளும்.

ஆனால் குழந்தையின் உடம்பு எல்லாவற்றையும் மன்னிப்பதில்லை. முறுக்கிக்கொண்டு கூடிய எலும்பு தானாகத் திரும்பாது. மூட்டுக்கு அருகில், எலும்பின் முனையிலிருக்கும் வளர்ச்சிப் பகுதியில் அடிபட்டிருந்தால் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். அது தெரியவரப் பல மாதங்கள் ஆகும் என்பதால், பிள்ளை ஓடியாடுகிறான் என்று மறு பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நடை பழகும் வயதுக் குழந்தை கால் தடுக்கித் திரும்பி விழுந்திருக்கும். வீக்கம் பெரிதாக இருக்காது. காலைத் தரையில் வைக்க மட்டும் மறுக்கும். கெண்டைக்கால் எலும்பில் மெல்லிய சுழல் விரிசல் விழுந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். அடம்பிடிக்கிறது என்று அதட்டி நடக்க வைக்காதீர்கள்.

அத்தைக்கு அறுவை செய்து எலும்புக்குள் ராடு போட்டார்கள். அப்படி ராடு போடும் முறையை 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் பரவச் செய்தார். நோயாளி மாதக்கணக்கில் எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு கிடக்காமல் சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்பதுதான் அதன் பெரிய பயன். அத்தையின் மருத்துவரும் வாக்கரைப் பிடித்து மெல்லக் காலை ஊன்றச் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சு மறைந்தது. கட்டிலுக்கே சாப்பாடு, கட்டிலிலேயே பெட் பேன். பார்க்க வந்த ஒவ்வொருவரும், “ஆறு மாசம் அசையக் கூடாது” என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டுப் போனார்கள். மருமகள் அவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாள். எலும்பு கூடியது. முழங்கால் மடங்கவில்லை, குதிகால் தரையில் பதியவில்லை, தொடை பாதியாகியிருந்தது.

அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது போகவேண்டிய திசை வேறு என்கிறேன். அசையாமல் கிடந்தால் தொடைத்தசை இரண்டு மூன்று வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிய வற்றிப்போகும். மருத்துவர் அனுமதித்த அளவு எடை ஏறினால்தான் எலும்பும் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். படுக்கையிலேயே கிடப்பவருக்குக் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையவும் கூடும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடுப்புப் பக்கம் எலும்பு ஒடிந்த முதியவர்கள் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. அவர்களுக்கு இரண்டு நாளுக்குள் அறுவை, மறுநாளே எழுப்பி உட்கார வைப்பது, நிற்க வைப்பது என்று மருத்துவ உலகம் வற்புறுத்துவதற்குக் காரணம் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும்தான்.

பிசியோதெரபிஸ்ட் பெண் வந்த முதல் நாள் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். “காலைக் கீழ வச்சா மறுபடி உடைஞ்சிரும்மா, என்னை விட்டுரு.” அந்தப் பெண் எக்ஸ்ரேயைக் காட்டி, ராடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக் காண்பித்தாள். பிறகு, “உங்களுக்கு எது செய்ய முடியலைன்னு வருத்தமா இருக்கு?” என்று கேட்டாள். மாடி ஏறி வடகம் காயவைக்க வேண்டும் என்றார் அத்தை. அன்றிலிருந்து எல்லாப் பயிற்சியும் அந்த மாடிப்படியை நோக்கித்தான் நகர்ந்தது.

சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று எளிய வேலைகளில் தொடங்கினாள். அக்குள் கட்டை வைத்து நடப்பவர்கள் எடையை உள்ளங்கையில்தான் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் கைக்குப் போகும் நரம்பு நசுங்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். அத்தை இதை மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டே படியேறுவார்.

நம் வீடுகளில் குணமாவது என்பது நடப்பதோடு முடிவதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும், குத்துக்காலிட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும், டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படியில் கால் வைக்க வேண்டும். முழங்காலும் கணுக்காலும் முழுசாக மடங்காமல் இவற்றில் ஒன்றும் நடக்காது. அச்சடித்துத் தரும் பயிற்சித் தாள்களில் இவை அரிதாகத்தான் இருக்கின்றன. பிசியோவிடம் நாமாகவே கேட்க வேண்டும். அதுவரை ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போட்டால் பெரியவர்களின் மானம் காப்பாற்றப்படும். கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் கிடந்த பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்புக்குத் தெம்பாக இருக்கும், குடிக்கலாம். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து நாம் நினைக்கிற அளவு இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால், முட்டை, பருப்பு, கொஞ்சம் வெயில், இவை போதும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

ஆந்திராவின் புத்தூர் பெயரைத் தாங்கிய கட்டு வைத்தியசாலைகள் நம் ஊர்களில் நிறைய. யார் கட்டிய கட்டானாலும், மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டானாலும், கவனிக்க வேண்டியவை மூன்று: மருந்துக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போவது, விரல்கள் மரத்து நிறம் மாறுவது, குழந்தையானால் ஓயாமல் அழுவது. இவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தசைகள் சில மணி நேரத்தில் செத்துவிடும். கட்டுக்குள் மறைந்த காயமும் அப்படித்தான். 1981-இல் திருச்சி அருகே விபத்தில் சிக்கிய நடனக் கலைஞர் சுதா சந்திரனின் கால், காயம் அழுகியதால் அகற்றப்பட்டது. அவர் ஜெய்ப்பூர் காலோடு மேடைக்குத் திரும்பியதைக் கொண்டாடுகிற நாம், அதற்கு முந்தைய பகுதியையும் நினைவில் வைக்க வேண்டும்.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைக் கொண்டுவந்தது. அது உயிரைக் காக்கிறது. அதற்குப் பிறகான மாதங்களுக்கு வழி என்ன என்று கேட்பவர்கள் பலருக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருப்பது தெரியவில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கட்டுப் பிரிக்கும்வரை பொறுக்காமல், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிற வாரமே போய்க் கேளுங்கள்.