வளைவில் ‘டக் டக்’ சத்தமா? மலை இறங்கும் முன் கவனியுங்கள்!

மேட்டுப்பாளையம் வரை சத்தமே இல்லாமல் வந்த கார், கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் ‘டக் டக் டக்’ என்கிறது. நேர் ரோடு வந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. ‘ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்’ என்று ஊட்டி வரை ஏறிவிடுகிறார்கள் பலர். ஏறும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. சிக்கல், இறங்கும்போதுதான்.

சமவெளியில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும் வேலை குறைவு. குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. ஊரில் மறைந்திருந்த கோளாறு இங்கேதான் வாய் திறக்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

அம்பாசடர் காரில் இன்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, முன் சக்கரங்கள் இழுக்கும் கார்கள் நம் ஊரில் பரவின. இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வைப்பது, ஆக்சிலின் சக்கரப்பக்க நுனியில் இருக்கும் சிவி ஜாயின்ட். உள்ளே ஆறு எஃகு குண்டுகள், சுற்றிலும் கிரீஸ். அதை மூடியிருப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. மெக்கானிக்குகள் இதை ‘ஆக்சில் பூட்’ என்பார்கள்.

இந்த உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். மழைத் தண்ணீரும், எஸ்டேட் ரோட்டுச் சேறும் உள்ளே போகும். குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் தேயும். பிறகு, முழுசாகத் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் ‘டக் டக்’ கேட்கும்.

இறக்கத்தில் ஏன் ஆபத்து?

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். அவ்வளவு தூரமும் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடாகிப் பிடிக்காமல் போகும். அதனால்தான் இரண்டாவது, முதல் கியரில் இறங்கச் சொல்லி மலைப்பாதையில் போர்டு வைத்திருக்கிறார்கள். குறைந்த கியரில் வரும்போது இன்ஜினே காரைப் பிடித்து இழுத்து நிறுத்தும்.

அந்தப் பிடி சக்கரத்துக்குப் போய்ச் சேருவது இதே ஆக்சில் வழியாகத்தான். தேய்ந்த ஜாயின்ட் உடைந்தால், பெரும்பாலான முன் சக்கர இழுவை கார்களில் இரண்டு சக்கரங்களுக்கும் இன்ஜின் பிடி போய்விடும். எந்த கியரில் இருந்தாலும் கார் நியூட்ரலில் இருப்பதுபோல உருளும். கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது. ஹேண்ட் பிரேக் மட்டும்தான் துணை.

ஜாயின்ட் உடனே உடைந்துவிடாது. சத்தம் கேட்ட பிறகும் பல நாள் ஓடலாம். ஆனால், அது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது.

எல்லா சத்தமும் ஒன்றல்ல

* ‘உம்ம்ம்’ என்று வேகத்தோடு கூடும் இரைச்சல்: வீல் பேரிங். இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது பேரிங்கையும், வலது பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பேரிங்கையும் முதலில் பாருங்கள்.
* நின்ற இடத்தில் திருப்பினாலும் ‘கிரீச்’ அல்லது ‘டொய்ங்’: ஷாக் அப்சார்பரின் மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட்.
* முழுசாக ஒடித்தால் ‘ஊய்ங்’: பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருக்கலாம். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ள கார்களில் இந்த ஆயிலே கிடையாது.
* ‘சர்ர்’ என்று உரசல்: பெரிய சைஸ் டயர் மாட்டியிருந்தால், உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசும். டிஸ்க் பக்கத்தில் ஜல்லி சிக்கினாலும் உலோகம் கீறுவதுபோலக் கேட்கும்.
* பள்ளத்தில் ஏறித் திரும்பும்போது ‘டொக்’, கூடவே ஸ்டீயரிங்கில் ஆட்டம்: பால் ஜாயின்ட் அல்லது டை ராட் எண்ட். இதுதான் மிக ஆபத்தானது. கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. இந்தச் சத்தத்தோடு மலை இறங்கவே கூடாது; ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

நீங்களே பார்க்கலாம்

வளைவில் வைத்து சோதிக்க வேண்டாம். சமதளமான, ஆள் நடமாட்டமில்லாத காலி இடத்துக்குப் போங்கள். கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்து, முதல் கியரில் மெதுவாக ஒரு வட்டம். அடுத்து வலது பக்கம் ஒரு வட்டம். எந்தப் பக்கம் திரும்பும்போது ‘டக் டக்’ கேட்கிறதோ, பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தின் ஜாயின்ட்தான் தேய்ந்திருக்கும்.

பிறகு இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒடித்த சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் உறையில் கிழிசலோ, ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறிப்போ இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் தலையை விடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

‘சத்தம் வருது’ என்று மட்டும் சொன்னால் அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் திரும்பும்போது, என்ன வேகத்தில், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதா, விடும்போதா என்று சொல்லுங்கள். முடிந்தால் போனில் ரெக்கார்டு செய்து போட்டுக் காட்டுங்கள்.

உறை மட்டும் கிழிந்து, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். செலவு குறைவு. சத்தம் வந்துவிட்டால் கிரீஸ் அடித்து சரி செய்ய முடியாது. ஜாயின்ட்டையோ, முழு ஆக்சிலையோ மாற்ற வேண்டும். செலவு பல மடங்காகும். அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் ‘ஆக்சில் பூட்டைப் பாருங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மேலே போன பிறகுதான் சத்தம் கேட்டதா? குன்னூரிலும் ஊட்டியிலும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. மலைப்பாதையிலேயே வண்டி ஓட்டுபவர்களின் கார்களை தினமும் பார்க்கும் கைகள் அவை. தொட்டபெட்டாவை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். காரைக் காட்டிவிட்டு இறங்குங்கள்.