டெம்பரேச்சர் முள் இல்லாத கார்: இன்ஜின் சூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது பாதி காரியம் முடிந்திருக்கும். முள்ளை எடுத்தது நல்ல சிக்கனம் அல்ல.

ஆனாலும் கார் முன்பே ஜாடை காட்டும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏ.சி. குளிர்ச்சி குறைகிறதா? ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்க, ஏ.சி.க்கும் காற்று தருவது அதுதான். காருக்கு அடியில் ஈரமா? நிறமில்லாத தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர், பயமில்லை. பச்சையோ இளஞ்சிவப்போ கலந்து, இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் லீக். ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என எங்கேயும் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவதுதான் நம்மூர் வழக்கம்! உப்பும் துருவும் படிந்து அடைப்புதான் மிஞ்சும்.

சிவப்பு எரிந்துவிட்டால், ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்ட வேண்டாம். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட் போனால், இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். ஓரங்கட்டி நிறுத்துங்க. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் கூலன்ட், மூடி திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.