இசைக்கு எதற்கு வீடியோ?

ஆஸ்திரியாவில் டான்யூப் நதிக்கரையில் இருக்கும் லின்ஸ், இரும்பாலைக்குப் பேர்போன ஊர். அங்கே 1979-இல் ‘ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா’ விழா தொடங்கியது. 1987 முதல் விழாவோடு ஒரு போட்டியும் நடக்கிறது. அதன் முதல் பரிசான ‘கோல்டன் நிகா’வுக்கு டிஜிட்டல் கலைஞர்கள் மத்தியில் பெரிய மதிப்பு. நுழைவுக் கட்டணம் கிடையாது. எந்த நாட்டிலிருந்தும் யாரும் அனுப்பலாம். ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் படைப்புகள் வந்து குவிகின்றன.

கட்டணமே இல்லாத போட்டியைக் குறை சொல்வது நன்றிகெட்ட வேலைதான். ஆனால் என் குறை லின்ஸ் நகரத்தோடு நிற்பதில்லை. இன்று பெரும்பாலான டிஜிட்டல் விழாக்களின் விண்ணப்பங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. படைப்பைப் பற்றிய கருத்துரை, தொழில்நுட்ப விவரம், கலைஞர் குறிப்பு, ஒளிப்படங்கள், இரண்டு மூன்று நிமிட வீடியோ. சுவரில் ஒளிரும் படைப்புக்கும் சரி, ஹெட்போனில் கேட்கும் படைப்புக்கும் சரி, இதே படிவம்தான்.

கலைப் பிரிவில் இதற்கு நியாயம் இருக்கிறது. மும்பையில் இயங்கும் அசோக் சுகுமாரன் 2006-இல் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ‘பார்க் வியூ ஹோட்டல்’ என்ற படைப்பைச் செய்தார். பூங்காவில் நிற்பவர் தொலைநோக்கி போன்ற கருவியால் எதிரே உள்ள ஹோட்டலின் அறையொன்றைக் குறிபார்த்தால், அந்த அறையின் வண்ணம் பூங்கா விளக்குகளில் வந்து படரும். ஹோட்டலையும் பூங்காவையும் பெயர்த்து லின்ஸுக்கு அனுப்ப முடியுமா? நடுவர்கள் பதிவுகளைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்க முடியும். அடுத்த ஆண்டே, ஊடாட்டக் கலைப் பிரிவில், அதற்குக் கோல்டன் நிகா கிடைத்தது. இங்கே வீடியோ இல்லாவிட்டால் போட்டியே இல்லை.

இசையின் கதை வேறு. ஒலிக்கோப்பை அனுப்பினால் படைப்பே நடுவரின் மேசைக்குப் போய்விடுகிறது. அப்படி முழுசாகப் போகக்கூடியதை நறுக்கி, படம் சேர்த்து, விளக்கவுரை எழுதி அனுப்பு என்பது என்ன நியாயம்? தோடி ஆலாபனையை இரண்டு நிமிடத்துக்குக் கத்தரித்து, கூடவே பாடகரின் முகபாவத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னால் நாம் சிரிப்போம்.

நடுவர்களைத் திட்டிப் பயனில்லை, கணக்கு அப்படி. ஒரு பிரிவுக்கு 800 படைப்புகள் வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் மொத்தம் 1,440 நிமிடம். ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. சாப்பாடு, விவாதம், சண்டை எல்லாம் அதற்குள்ளேதான். இந்த அவசரத்தில் காதைவிடக் கண்தான் கைகொடுக்கும். முதல் பத்து நொடியில் பளிச்சென்று எதையாவது காட்டும் படைப்பு தப்பிக்கிறது. ஐந்தாம் நிமிடத்தில் கண் திறக்கும் இசை குப்பைக்குப் போகிறது. இது தெரிந்த இளைஞர்கள் இசையமைக்கும்போதே வீடியோவுக்குத் தோதாக அமைக்கிறார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்.

எலியான் ராடிக் ஜெயிக்கவில்லையா என்று கேட்கலாம். ஏஆர்பி 2500 சின்தசைசரோடும் ஒலிநாடாவோடும் முப்பது ஆண்டுகள் தனியே உழைத்த பிரெஞ்சுக்காரர் அவர். 55 நிமிடம் நகர்வதே தெரியாமல் நகரும் அவருடைய ஒரு படைப்புக்கு 2006-இல் கோல்டன் நிகா கிடைத்தது. நடுவர்கள் பொறுமையாகக் கேட்கக்கூடியவர்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அப்போது அவருக்கு வயது 74, பெயரும் ஊரறிந்தது. அதே 55 நிமிடத்தை 22 வயதில் ஒருவர் முதல்முறையாக அனுப்பினால் எத்தனை நிமிடம் ஓடவிடுவார்கள்?

போட்டியின் விதி மாறினால் வருகிற ஆட்களும் மாறுவார்கள் என்பதை லின்ஸே காட்டியிருக்கிறது. அங்கே ‘கணினி இசை’ என்ற பிரிவு 1999-இல் ‘டிஜிட்டல் இசை’ ஆனது. பல்கலைக்கழக ஒலிக்கூடங்களின் செல்வாக்கு ஓங்கியிருந்த இடத்தில், அந்த ஆண்டு முதல் பரிசு கிளப் இசை உலகிலிருந்து வந்த ஏஃபெக்ஸ் ட்வினுக்கும், அவருடைய இசைக்குப் படமெடுத்த கிறிஸ் கன்னிங்ஹமுக்கும் போனது. படுக்கையறையில் கணினி வைத்து இசை செய்தவர்களுக்குக் கதவு திறந்தது நல்லதே. ஆனால் இசைப் பரிசை வீடியோவோடு சேர்த்து வாங்கியதும் அதே நாளில்தான் என்பதை மறக்க முடியவில்லை.

முகம் பார்க்காமல் கேட்கும் முறை நமக்கொன்றும் புதிதல்ல. 1950-களில் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலியின் குரல் தேர்வு கெடுபிடியானது. பெயரும் முகமும் நடுவருக்குத் தெரியாது, கேட்பது குரலை மட்டுமே. கலைஞர்களைப் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்ததில் மனக்கசப்பு ஏராளம், வித்வான்கள் கொதித்ததும் உண்டு. இருந்தாலும் பாடகரின் கட்டுரைத் திறனை யாரும் அங்கே சோதிக்கவில்லை. கணினி இசைக்கென்று 1974 முதல் நடக்கும் சர்வதேச மாநாடும் பல ஆண்டுகள் பெயரை மறைத்தே படைப்புகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆக, டிஜிட்டல் விழாக்களாலும் முதல் சுற்றைக் காதுக்கு மட்டும் ஒதுக்க முடியும். பெயர், கருத்துரை, படம் எல்லாம் இரண்டாம் சுற்றில் வரட்டும். நேரம் போதாது என்றால் நடுவர்களைக் கூட்டட்டும், அல்லது பிரிவுகளைக் குறைக்கட்டும்.

இந்தக் கருத்துரை விஷயத்தில் இன்னொரு அநியாயமும் உண்டு. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் கலைக்கல்லூரிகளில் புழங்கும் ஒருவகை ஆங்கிலத்தில் கேட்கப்படுகிறது. அந்த நடை வசப்பட்டவர் சுமாரான படைப்பையும் கரையேற்றிவிடுவார். வசப்படாதவர் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

அடுத்து பணம். பரிசு பெறுவோர் ஒருசிலர். தேர்வாகி விழாவில் வாசிக்கப் போகும் மற்றவர்களுக்கு விமானச் செலவு யாருடையது, சம்பளம் உண்டா என்பதைப் பல அறிவிப்புகள் சொல்வதே இல்லை. கனடாவில் கார்ஃபாக் என்ற கலைஞர் அமைப்பு 1968-இல் உருவாகிப் போராடியது. படைப்பைக் காட்சிக்கு வைத்தால் கலைஞருக்குக் கட்டணம் கொடுத்தால்தான் கலைக்கூடங்களுக்கு அரசு மானியம் என்ற நிலை 1975-இல் வந்தது. பதிப்புரிமைச் சட்டத்திலேயே அந்த உரிமை 1988-இல் ஏறியது. அங்கே பெரிய கலைக்கூடங்கள் ஒன்றும் இதனால் இழுத்து மூடப்படவில்லை. ஆகவே ‘விழாவுக்கு அவ்வளவு வசதியில்லை’ என்ற பதிலை நான் எளிதில் நம்புவதாக இல்லை. அனுப்புகிறவர்கள் கருத்துரைக்கு உட்காருமுன் விமானச் செலவு, சம்பளம் பற்றிய இந்த ஒரு விவரத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் விழாக்குழுவுக்கு எழுதிக் கேட்கலாம், பதில் வராவிட்டால் அந்த விழாவை விட்டுவிடலாம்.