திகில் நாவலும் புழங்கு பொருளும்

இன்றைய விமர்சனக் கட்டுரைகளிற் குறியீடு என்னும் சொல் மலிந்துவிட்டது. திகில் நாவலொன்றைக் கையிலெடுப்போர், கண்ணாடியைக் கண்டால் ஆன்மா என்றும், கதவைக் கண்டால் மரணம் என்றும், கிணற்றைக் கண்டால் ஆழ்மனம் என்றும் எழுதி அமைதியடைகின்றனர். அகராதி புரட்டிப் பொருள் கூறும் இம்முறை திகில் நாவலின் உயிர்நாடியையே அறுத்துவிடுகின்றது. கண்ணாடி முதலிற் கண்ணாடியாக இருத்தல் வேண்டும்; அதிலே எவனாவது முகம் பார்த்திருத்தல் வேண்டும்.

பிராம் ஸ்ரோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராக்குலா’ இதற்குத் தக்க சான்றாகும். கோட்டையில் விருந்தினனாகத் தங்கும் இளம் வழக்கறிஞன் ஜொனதன் ஹாக்கர், சாளரத்தருகே சிறு கண்ணாடியை மாட்டி முகம் மழிக்கின்றான். பின்னால் வந்து நிற்கும் பிரபுவின் உருவம் அதில் தெரியவில்லை. கத்தி தவறி இரத்தம் கசிகின்றது. பிரபு கண்ணாடியைப் பறித்துச் சாளரத்தினூடே வீசி நொறுக்கிவிடுகின்றான். பிம்பமற்றவன் ஆன்மாவற்றவன் என்று கூறி விமர்சகர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். ஹாக்கரை வாட்டும் கவலையோ வேறு: இனி எதைப் பார்த்து மழிப்பது? கடிகாரக் கூட்டையும் சவரக் கிண்ணத்தின் உலோக அடியையும் நம்பவேண்டியதுதானா? இந்த அற்பக் கவலையிலேதான் வாசகனின் முதுகு சில்லிடுகின்றது. நடமாடும் சவத்தின் வீட்டிலிருந்துகொண்டு ஒருவன் சவரத்தைப் பற்றி எண்ணுகின்றான்!

சிலுவையையும் உள்ளிப்பூவையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர், அதே பிரபு சாய்மணையிற் படுத்தபடி ஆங்கிலப் புகைவண்டி நேர அட்டவணையை வாசிக்கும் காட்சியைக் கண்டுகொள்வதில்லை. மண் நிரப்பிய 50 பெட்டிகள் இலண்டனுக்குச் சாதாரணப் பொதிகளாகவே வந்து சேருகின்றன. வண்டிக்காரரை விசாரித்தும் அவர்தம் குறிப்பேட்டைத் துருவியுமே அவை சென்ற இடங்கள் கண்டறியப்படுகின்றன. பிணம் பிரயாணம் செய்வதற்கும் கூலிக்கணக்கு உண்டு என்ற எண்ணத்தைவிட அச்சந்தருவது அந்நாவலில் அதிகமில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். வீட்டுப் பொருள் அவற்றுள் இல்லை. பொருள் தானாக அச்சுறுத்துவதில்லை. அந்நான்கும் வீட்டினுள் நுழையும் வாயிலாக அமைகின்றது. பழகிய பொருளே அவ்வாறு அமைய முடியும்.

இதனை உணராத தமிழ்த் திகில் நாவலாசிரியர் பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலை, மல்லிகை மணம், கொலுசொலி என்ற நான்கையும் வைத்தே காலந்தள்ளுகின்றனர். மேல்நாட்டை நகல் செய்வோர் சிலுவையையும் உள்ளியையும் இறக்குமதி செய்கின்றனர். கிண்ணியாவில் ஒரு வீட்டிலே உள்ளி என்பது பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் கறிக்குரியது; அது எந்தப் பேயையும் விரட்டியதில்லை. அவ்வீட்டில் அச்சத்தோடு உறவுடைய பொருள் வேறு. ஓதிய தண்ணீர் நிரம்பிய போத்தல் தலைமாட்டில் இருக்கின்றது. விடியுமுன் அதிற் பாதி குறைந்திருந்தால், குடித்தவர் யார்? நாவல் அங்கேயே தொடங்கிவிடும்.

இன்னொன்றும் அவ்வூரில் உண்டு. ஆட்களையும் வாகனங்களையும் கரைசேர்க்கும் மிதவையைக் கிழக்கு மாகாணத்தார் ‘பாதை’ என்றே அழைப்பர். நிலத்து வழிக்குரிய சொல்லை நீர்மேல் மிதக்கும் பலகைக்கு இட்டதிலே ஒரு நம்பிக்கை இருக்கின்றது. அதன்மேல் நிற்பவன் நிலத்தில் நிற்பதாகவே எண்ணுகின்றான். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலை செல்வோர் அத்துறையைப் பாதையிலேயே கடந்தனர். அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்திற் பயன்பட்ட மிதவை 2021 நவம்பர் 23ஆம் நாட் காலை கவிழ்ந்தது. பள்ளிச் சிறுவரும் மாண்டனர்.

இத்துயரைத் திகில் நாவலுக்குத் தீனியாக்குவதா என்று சிலர் சினக்கலாம். ஆவி கரையேறி வருவதாக எழுதுபவன் அக்கண்டனத்துக்கு முழுவதும் உரியவனே. மாண்டோரை வேடிக்கைப் பொருளாக்குகின்றவன் அவன். ஆனால் அம்மிதவையை ‘வாழ்வின் நிலையாமைக்குக் குறியீடு’ என்று எழுதித் தாண்டிச் செல்லும் விமர்சகன் செய்வது அதனினும் கொடிது. பாலம் முடியுமுன் பிள்ளைகளை அதிலேற்றவேண்டிய நிலை ஏன் வந்தது என்ற வினாவை அவன் நிலையாமையின் பெயரால் மூடிவிடுகின்றான். நல்ல திகில் நாவல் அவ்வினாவை மூடாது. சீருடையும் புத்தகப்பையுமாகத் துறையில் நிற்கும் சிறுவனை அது காட்டும். பலகைமேல் அவன் காலெடுத்து வைப்பதைக் காட்டும். பேய் எதுவும் அந்தப் பக்கத்தில் வரவேண்டியதில்லை.